மலையூர்த் தோட்டத்தில் ஃபுஷியா: இடம் பார்ப்பதிலிருந்து கவாத்து வரை

மே மாதம் ஊட்டி, குன்னூர் பக்கம் வருகிறவர்கள் ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் ஃபுஷியாவைப் பார்த்துவிட்டால் ஒரு தொட்டியாவது வாங்காமல் போவதில்லை. மூன்றே வாரத்தில் போன் வரும்: "வாடிப்போச்சுங்க, என்ன செய்ய?" நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒரே மாதிரிதான். பெரிய தொட்டிக்கு மாற்றினேன், நல்ல வெயிலில் வைத்தேன், உரம் போட்டேன், வாட வாடத் தண்ணீர் ஊற்றினேன். பாசத்தோடு செய்த இந்த நான்கும் சேர்ந்துதான் செடியைக் கொன்றிருக்கும்.

கீழே இருப்பது குன்னூரில், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில், என் வீட்டுத் தோட்டத்தில் நான் செய்வது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் ஊர்க்காரர்கள் மாதக் கணக்கை இரண்டொரு வாரம் முன்பின் தள்ளிக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு படியில் விட்ட தவறை அடுத்த படியில் சரிசெய்ய இந்தச் செடி இடம் கொடுப்பதில்லை.

1. உங்கள் ஊர் ஒத்துவருமா?

ஃபுஷியாவுக்குப் பிடித்த வெப்பநிலை 15 முதல் 22 டிகிரி. 27, 28 டிகிரியைத் தாண்டிப் பகல்கள் தொடர்ந்தால் மொட்டு வைப்பது குறையும். அதைவிட முக்கியம் இரவு. பகலில் சற்றுச் சுட்டாலும் இரவு குளிர்ந்தால் செடி தேறிக்கொள்ளும். இரவும் புழுங்கினால் வைத்த மொட்டும் உதிரும்.

அதனால் சென்னை, மதுரை, திருச்சி வாசகர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பச்சை வலை, ஐஸ் தண்ணீர் என்று செலவழித்தாலும் மே மாத இரவை மாற்ற முடியாது. ஏற்காட்டில் வளரும். ஓசூர், பெங்களூருவில் கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் 'தாலியா' போல நீளக் குழல் பூ வைக்கும் டிரைஃபில்லா வகையை முயலலாம். மற்ற வகைகளைவிடச் சூட்டைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குவது அதுதான்.

2. செடி வாங்கும் முன் இடம் பாருங்கள்

பெரும்பாலோர் செடியை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று முறை தோட்டத்தைச் சுற்றி வந்து, எங்கே எப்போது வெயில் விழுகிறது என்று பாருங்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் வெயில், 11 மணிக்கு மேல் நிழல். அந்த இடம்தான் வேண்டும். கிழக்குச் சுவர் ஓரமோ, வெயிலைச் சல்லடையாக இறக்கும் சில்வர் ஓக் மரத்தடியோ பெரும்பாலும் பொருந்தும்.

முழு நிழலும் ஆகாது. செடி சாகாது, ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, நெட்டையாக வளர்ந்து, பூ எண்ணிக்கை குறையும்.

வெயில் வேண்டாம் என்பது இலைக்காக மட்டுமில்லை, வேருக்காகவும்தான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கம் மதிய வெயிலில் எப்படிக் கொதிக்கிறது என்று உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சுவரை ஒட்டித்தான் மெல்லிய வேர்கள் ஓடுகின்றன. கறுப்புத் தொட்டி தவிர வேறு இல்லையென்றால் அதை ஒரு பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

இன்னும் இரண்டு பாருங்கள். காற்று: ஃபுஷியாக் கிளை கணுவில் பட்டென்று ஒடியும், ஜூன் ஜூலைக் காற்று நேராக அடிக்கும் மூலை கூடாது. கூரை விளிம்பு: மழை பெய்யும்போது ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். தாழ்வாரத்தில் வைத்த செடி பத்திரம் என்று நினைத்திருப்போம், கூரைத் தண்ணீர் மொத்தமும் அதே தொட்டியில் இறங்கிக்கொண்டிருக்கும்.

3. வகை பிரித்து வாங்குவது

வெளிப்பக்கம் விரிந்து நிற்கும் நான்கும் புல்லி இதழ்கள். உள்ளே பாவாடை மாதிரி இருப்பதுதான் பூவிதழ். அது நான்கு இருந்தால் ஒற்றை, எட்டோ அதற்கு மேலோ இருந்தால் அடுக்கு, இடைப்பட்டது அரை அடுக்கு.

முதல் செடி ஒற்றைப் பூவாக இருக்கட்டும். அடுக்குப் பூ பார்க்க அழகுதான். மழையில் நனைந்தால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக் கனத்து, கிளையை இழுத்து, பூவோடு அழுகும். நம் மலையில் மழைக்காலம் ஜூனில் தொடங்கி நவம்பர் வரை விட்டு விட்டு நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது கிளையின் போக்கு. நிமிர்ந்து வளர்வது தொட்டிக்கும் தரைக்கும், தொங்குவது கூடைக்கு. 'ஸ்விங்டைம்', 'மரின்கா' இரண்டும் தொங்கும். 'டாலர் பிரின்சஸ்' நிமிரும். 'மிசஸ் பாப்பிள்' குளிர் தாங்கும், தரையில் வேலிச்செடி போலப் புதராகும். நம்மூர்க் கடைகளில் "சிவப்பு வெள்ளை", "சிவப்பு ஊதா" என்றுதான் சொல்லித் தருவார்கள், பெயர்ச்சீட்டு எதிர்பார்க்காதீர்கள். பூவைத் தாங்கும் கிளை தொட்டி விளிம்பைத் தாண்டியதும் வளைகிறதா, நிமிர்கிறதா என்று பார்த்தால் போதும்.

நிறையப் பூத்திருக்கும் செடியை எடுக்காதீர்கள். அதன் முயற்சி முழுவதும் பூவுக்குப் போயிருக்கும், இடம் மாறும் அதிர்ச்சியில் எல்லாம் கொட்டும். சின்னச் செடி, மொட்டு நாலைந்து, அடியில் மூன்று நான்கு கிளை. அதுதான் நல்ல செடி. இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி தெரிந்தாலோ, தட்டியதும் வெள்ளை ஈ பறந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான் ஒருமுறை ஒரு நர்சரியில் இலையைத் திருப்பாமல் மூன்று செடி வாங்கி, வந்த வேகத்தில் பழைய செடிகளுக்கு நடுவே வைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்கத் துரு பிடித்த இலையைக் கிள்ளுவதே வேலையாகப் போயிற்று. இப்போது எந்தப் புதுச் செடியும் இரண்டு வாரம் தனியாகத்தான் இருக்கும்.

4. மண் கலவை

செம்மண் 2 பங்கு, மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ 1 பங்கு, தேங்காய் நார்த்தூள் 1 பங்கு, பெர்லைட் (வெள்ளைப் பொரி போன்ற லேசான கல்துகள்) அல்லது பருமணல் 1 பங்கு. எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. லேசான அமிலத்தன்மை இந்தச் செடிக்குப் பிடிக்கும். தேயிலை வளரும் மண் ஏற்கெனவே அமிலம்தான், அதற்காகத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம்.

நார்த்தூளை நேராகக் கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். இதைத் தவிர்த்தவர்கள் செடியின் இலை ஓரம் கருகும்போது "உரம் பத்தலையோ" என்று உர வடிவில் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்ப்பார்கள்.

தொட்டியை நிரப்பி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி அடியில் சொட்ட வேண்டும். நின்றால் மணலைக் கூட்டுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஜல்லி போடும் பழக்கத்தை விடுங்கள். அதனால் வடிகால் கூடுவதில்லை, ஈரம் தேங்கும் மட்டம்தான் மேலே ஏறி வேருக்கு இடம் குறைகிறது. ஓட்டையை மறைக்க ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

5. நடுவது

வாங்கி வந்த செடியை ஒரு வாரம் அப்படியே விடுங்கள். புது இடத்து வெளிச்சத்துக்கு முதலில் பழகட்டும். வேரைக் கலைப்பது பிறகு.

தொட்டி மாற்றும்போது படிப்படியாகப் பெருக்குங்கள். 3 அங்குலத்திலிருந்து 5, அதிலிருந்து 7 அல்லது 8. சின்னச் செடியைப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். வேர் அடி ஓட்டையில் எட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த அளவு.

தொட்டியில் பழைய மட்டத்திலேயே நடுங்கள். தரையில் நட்டால் மட்டும் பழைய மட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக இறக்குங்கள். உறைபனி மேல்பகுதியைக் கருக்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து துளிர் வர அதுதான் வழி. நட்டதும் காய்ந்த இலையால் மூடாக்குப் போடலாம், தண்டைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி.

6. தண்ணீர்: பாதிச் செடிகள் சாவது இங்கேதான்

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஏப்ரல் மதியம் இரண்டு மணிக்குச் சொம்போடு வந்து நின்றாள். "அக்கா, காலையிலதான் ஊத்தினேன், மறுபடியும் தலை தொங்குது. இன்னைக்கு மூணாவது தடவை." போய்ப் பார்த்தேன். இலைகள் துவண்டு, பூ எல்லாம் சோர்ந்து கிடந்தது. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டால் சேறு. தொட்டியை உருவிக் காட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்நுனி பழுப்பேறி, சாக்கடை வாடை அடித்தது.

நடந்தது இதுதான். மதியச் சூட்டில் இலை வழியே போகும் தண்ணீரின் வேகத்துக்கு வேர் உறிஞ்சுவது ஈடாகவில்லை. அதனால் துவண்டது. அதை நிழலில் வைத்து இலைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருந்தால் மாலை ஐந்தரைக்கெல்லாம் தானே நிமிர்ந்திருக்கும். அவள் ஊற்றினாள். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் செத்தது. செத்த வேர் உறிஞ்சாது, அதனால் இன்னும் துவண்டது. அவள் இன்னும் ஊற்றினாள்.

எனவே துவண்ட ஃபுஷியாவைப் பார்த்ததும் சொம்பை எடுக்காதீர்கள், விரலை விடுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் நிழலுக்கு நகர்த்துங்கள், அவ்வளவுதான். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை வைத்துச் சொல்லவும் பழகலாம். பத்து நாளில் கை பழகிவிடும்.

ஊற்றும்போது காலையில், அடியில் சொட்டும் வரை, தாராளமாக. தினமும் அரை டம்ளர் தெளிப்பது உதவாது, மேலே ஈரமும் அடியில் வறட்சியுமாக இருக்கும். கீழே தட்டு வைத்திருந்தால் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

மறந்துபோய் முழுக்கக் காய்ந்துவிட்டதா? காய்ந்த நார்த்தூள் மேலிருந்து ஊற்றும் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். தொட்டியை வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார வையுங்கள்.

மழைக்காலத்தில் தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றுங்கள். அடி ஓட்டை தரையோடு ஒட்டியிருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லை.

7. நுனி கிள்ளுவது

ஃபுஷியா புதிதாக வளரும் கிளைநுனியில்தான் பூக்கும். நுனி எத்தனையோ அத்தனைக்குப் பூ. கிள்ளுவதற்கான காரணம் இவ்வளவுதான்.

இலைகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும். ஒவ்வொரு இலைக்காம்பின் இடுக்கிலும் ஒரு துளிர் உறங்கும். மூன்று ஜோடி இலை விரிந்ததும் அதற்கு மேலுள்ள குருத்தை நகத்தால் கிள்ளினால் ஆறு கிளைக்கு வழி பிறக்கும். அந்தக் கிளைகள் இரண்டு மூன்று ஜோடி விட்டதும் மறுபடி கிள்ளுங்கள். புதருக்கு இரண்டு முறை போதும், தொங்கும் கூடைக்கு மூன்று.

கடைசியாகக் கிள்ளிய நாளிலிருந்து ஒற்றைப் பூவுக்கு ஆறு முதல் எட்டு வாரம், அடுக்குப் பூவுக்கு இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சி நேரத்தில் வீட்டிலும் பூ வேண்டுமென்றால் மார்ச் நடுவில் கிள்ளுவதை நிறுத்திவிடுங்கள்.

மொட்டு தெரிந்த நுனியைக் கிள்ள மனம் வராது, தெரியும். முதல் வருடம் நானும் விட்டேன். மூன்று கிளை, ஒன்பது பூ, நடுவில் மொட்டைக் குச்சி.

8. உரம்

தொட்டி மாற்றிய முதல் மாதம் ஒன்றும் வேண்டாம், கலவையில் இருப்பதே போதும். பிறகு வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள) கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம். மொட்டு வரத் தொடங்கியதும் ஒரு வாரம் அது, மறுவாரம் சாம்பல் சத்து கூடிய 13:0:45 அதே அளவில். தழைச்சத்து மட்டும் ஏறினால் இலை செழிக்கும், பூ குறையும். சாம்பல் சத்து கூட வேண்டியது இதனால்தான்.

ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் வேரைச் சுடும். துவண்ட செடிக்கோ, நோயுற்ற செடிக்கோ உரம் மருந்தாகாது. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.

9. காயைப் பறிப்பது

பூ உதிர்ந்த பிறகு காம்பில் ஒரு சின்ன உருண்டை நிற்கும். அதுதான் காய். விட்டால் செடி விதை முற்றவைப்பதில் இறங்கி, மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். வாரம் இருமுறை காம்போடு கிள்ளிவிடுங்கள். கருஞ்சிவப்பாகப் பழுத்தால் சாப்பிடலாம். மருந்து அடித்த செடியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சில செடியில் இனிப்பு, சில செடியில் சப்பென்று இருக்கும்.

10. பூச்சியும் நோயும்

துரு நோய்: இலையடியில் ஆரஞ்சுப் பொடி, மேலே வெளிறிய புள்ளி. பட்ட இலையைப் பறித்து எரியுங்கள் அல்லது குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மாலையில் இலையை நனைக்காதீர்கள், தொட்டிகளை இடைவெளி விட்டு வையுங்கள். இலை இரவெல்லாம் ஈரமாக இருப்பதுதான் இதற்குக் கொண்டாட்டம்.

வெள்ளை ஈ, அசுவினி: வேப்பெண்ணெய் 3 மி.லி., நாலைந்து சொட்டு சோப்புக் கரைசல், 1 லிட்டர் தண்ணீர். மாலையில், இருட்டுவதற்குள் இலை காயும்படி நேரத்தோடு, இலையடியில் படும்படி, ஐந்து நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பாருங்கள். மென்மையான இலை, சில வகைகள் கருகும்.

சிவப்புச் சிலந்தி மார்ச், ஏப்ரல் வறட்சியில் வரும். இலை வெண்கலம் போல நிறம் மாறி உதிரும், இலையடியில் மெல்லிய வலை தெரியும். காலையில் இலையடியில் தண்ணீரைப் பீச்சி அடிப்பதே பாதி வைத்தியம்.

சாம்பல் பூசணம் உதிர்ந்த பூவில் தொடங்கி இலைக்கு ஏறும். மழைக்காலத்தில் தொட்டிமேல் விழுந்த பூக்களைப் பொறுக்கிப் போடுங்கள்.

11. உறைபனியும் கவாத்தும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியிலும் தாழ்வான பள்ளங்களிலும் உறைபனி விழும். மாலையில் நாலு குச்சி நட்டுப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்துங்கள். துணி இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். கூடைகளைக் கழற்றித் தாழ்வாரத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கருகிய செடியை உடனே வெட்டாதீர்கள். ஒரு ஜனவரியில் அவசரப்பட்டு அன்று காலையே வெட்டினேன். இரண்டு வாரத்தில் துளிர்த்தது, அடுத்த பனி துளிரோடு தண்டையும் கொண்டுபோனது. கருகிய கிளையே அடிக்கணுவுக்குக் குடை. பிப்ரவரி கடைசி வரை பொறுங்கள். பிறகு தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் இன்னும் கீழே போய்ச் சுரண்டுங்கள்.

உயிருள்ள கணு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். செடியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும், பயப்பட வேண்டாம். உள்நோக்கி வளரும் கிளை, பென்சிலைவிட மெலிந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாம் போகட்டும். அதே நாளில் தொட்டியிலிருந்து உருவி, வெளிவேரை ஓர் அங்குலம் சீவி, புதுக் கலவையில் அதே அளவுத் தொட்டியில் வையுங்கள்.

இங்கேயும் தண்ணீர்த் தவறு காத்திருக்கிறது. இலையில்லாத செடி மிகக் குறைவாகவே குடிக்கும். துளிர் வரும்வரை மண் வெறும் ஈரப்பதத்தில் இருந்தால் போதும்.

12. நுனிக் குச்சியிலிருந்து புதுச்செடி

7-ஆம் படியில் கிள்ளும்போது சற்று நீளமாக, மூன்று அங்குலத்துக்கு வெட்டினால் அந்த நுனியே புதுச்செடி. மார்ச், செப்டம்பர் மாதங்கள் எனக்கு நன்றாக வருகின்றன. மொட்டில்லாத நுனியாகப் பாருங்கள், மொட்டு வைத்தது வேர் விட அடம் பிடிக்கும்.

கணுவுக்குக் கீழே சுத்தமான பிளேடால் வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, கழுவிய நார்த்தூளும் பெர்லைட்டும் சரிபாதி கலந்த டம்ளரில் ஓர் அங்குலம் செருகுங்கள். வேர் விடும் பவுடர் இல்லாமலே வரும். அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, வெயில் படாத ஜன்னலில் வையுங்கள். மூடியைத் தினமும் ஐந்து நிமிடம் திறங்கள், இல்லாவிட்டால் பூசணம்.

மூன்று வாரம் பொறுங்கள். வேர் விட்டதா என்று நாலாம் நாளே இழுத்துப் பார்ப்பவர்களுக்கு வேர் வரவே வராது. நுனியில் புது இலை கண்டால் வேர் பிடித்துவிட்டது. பாட்டிலை ஒரேயடியாக எடுக்காமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, 3 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். மூன்றாவது ஜோடி இலை விரியும் அன்று நுனியைக் கிள்ளுங்கள்.